திறக்காத படத் தொகுப்பு: கை வைக்கும் முன் ஒரு நகல்

லைட்ரூமைத் தட்டினால் கேட்டலாக்கைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. மேக்கில் போட்டோஸ் ஐகான் சற்று நேரம் குதித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. விண்டோஸ் போட்டோஸ் வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து, ஆல்பம் எப்போது வரும் என்று பெண் வீட்டார் போன் மேல் போன் போடும் வாரத்தில் இது நடந்தால், சேலமோ ராசிபுரமோ திருச்செங்கோடோ, எந்த ஸ்டுடியோக்காரருக்கும் முதலில் தோன்றுவது “படமெல்லாம் போச்சு” என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. படம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருந்த பதிவேடுதான் பழுதாகியிருக்கும். உண்மையான இழப்பு அதற்குப் பிந்தைய அரை மணி நேரத்தில், பதற்றத்தில் செய்யும் பழுதுபார்ப்பால் வருகிறது. அதனால் இந்த அத்தியாயம் பழுதுபார்க்கும் பொத்தான்களைவிட, அவற்றைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியதை அதிகம் பேசும்.

பதிவேடு வேறு, படம் வேறு

லைட்ரூம் கிளாசிக் உங்கள் படங்களைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. கேமரா கார்டிலிருந்து நீங்கள் காப்பி செய்த ஃபோல்டரிலேயே அவை கிடக்கின்றன. எந்தப் படம் எந்த டிரைவில் இருக்கிறது, எதற்கு எத்தனை ஸ்டார் கொடுத்தீர்கள், எதில் வெளிச்சத்தை ஏற்றினீர்கள், எங்கே கிராப் செய்தீர்கள் என்ற விவரங்களை மட்டும் எல்.ஆர்.சி.ஏ.டி. என்று முடியும் ஒரே ஃபைலில் அது எழுதிக்கொள்கிறது. அந்த ஃபைல் எஸ்க்யூலைட் என்ற வகை டேட்டாபேஸ். இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாமும் வழக்கமாக அதே வகையைத்தான் பயன்படுத்துகிறது. மேக்கின் போட்டோஸ், படங்களையும் பதிவேட்டையும் ஒரே ஃபைல் போலத் தோன்றும் ஒரு தொகுப்புக்குள் வைக்கிறது. அதற்குள்ளும் ‘ஒரிஜினல்ஸ்’ என்ற தனி ஃபோல்டரில்தான் படங்கள் இருக்கின்றன. விண்டோஸ் போட்டோஸோ வெறும் பார்வையாளர். சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்தால் நிலம் எங்கும் போய்விடாது. ஆனால் பதிவேட்டைச் சரிசெய்கிறேன் என்று நிலத்தை உழுது எல்லைக் கல்லைப் பிடுங்கிவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை.

இது சிறிய ஸ்டுடியோக்களுக்கு மட்டும் நேரும் சங்கதி அல்ல. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ போட்டோக்களை டிஜிட்டல் ஆக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் ‘அழியும் ஆவணங்கள் திட்டத்தின்’ உதவியோடு செய்திருக்கிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அதன் டிஜிட்டல் சேகரிப்புகளைப் பல மாதங்கள் இணையத்தில் பார்க்க முடியவில்லை. 2024 மார்ச்சில் லைப்ரரியே வெளியிட்ட அறிக்கை, சேகரிப்புகளின் பாதுகாப்பான நகல்கள் தங்களிடம் உள்ளன என்றும், அவற்றைத் திரும்ப ஏற்றி இயக்க வேண்டிய கட்டமைப்புதான் சிதைந்துவிட்டது என்றும் சொன்னது. படம் இருந்தது, திறக்கும் வழி இல்லை. அவர்களால் நிதானமாகச் சீரமைக்க முடிந்ததற்குக் காரணம், கை படாத நகல் ஒன்று தனியாக இருந்ததே. நம் ஊர் ஸ்டுடியோவுக்கும் விதி அதுதான். அளவு மட்டும் வேறு.

“பதிவேடுதானே போனது, புதிதாக ஒரு கேட்டலாக் போட்டுப் படங்களை மறுபடி இம்போர்ட் செய்துவிடலாமே” என்று கேட்கலாம். செய்யலாம், படங்கள் வந்துவிடும். ஆனால் 4,000 படத்தில் 600-ஐப் பொறுக்கி, மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த இணைச்சீர் படங்களின் முகநிறத்தை ஒவ்வொன்றாகத் திருத்திய உழைப்பு பழைய கேட்டலாக்கில்தான் இருக்கிறது. புது கேட்டலாக் கடைசி வழி.

தொடுவதற்கு முன்: வரிசை மாறக் கூடாது

1. மென்பொருளை மூடுங்கள். மூடியதாகத் தெரிந்தாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரிலும் மேக்கில் ‘ஃபோர்ஸ் க்விட்’ பட்டியலிலும் அதன் பெயர் இல்லை என்று உறுதி செய்யுங்கள். “இன்னொரு தடவை பார்ப்போம்” என்று திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள்.

2. திரையில் வந்த பிழைச் செய்தியை மொபைலில் படம் எடுங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் அந்த வாசகம்தான் பாதி விடை.

3. கேட்டலாக் இருக்கும் டிரைவில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நின்றால் டேட்டாபேஸால் எழுத முடியாது, திறக்கவும் செய்யாது. சினிமா, பழைய இன்ஸ்டாலர் போன்ற தொடர்பில்லாத ஃபைல்களை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள். படத் தொகுப்பு ஃபோல்டரில் எதையும் அழிக்காதீர்கள்.

4. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் தொகுப்பு இருந்தால், அது செருகியிருக்கிறதா, போன முறை ‘ஈ’ என்றிருந்த டிரைவ் எழுத்து இப்போது ‘எஃப்’ ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

5. கேட்டலாக் ஃபோல்டர் முழுவதையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். ஒரே டிஸ்க்கின் டி டிரைவிலிருந்து ஈ டிரைவுக்குக் காப்பி செய்வது நகல் ஆகாது. பெயர் விளங்காத சின்னச் சின்ன ஃபைல்களையும் விடாதீர்கள்.

6. இனி எல்லாப் பழுதுபார்ப்பும் அந்த நகலில். அசலுக்கு ‘தொடாதே’ என்று பெயர் மாற்றி வைத்துவிடுங்கள்.

நேரம் இல்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்டலாக் மட்டும் என்றால் சில ஜிபிதான், டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். படங்களையும் சேர்த்து எடுப்பதானால், 30 எம்பி அளவுள்ள 4,000 ரா படங்களுக்கு 120 ஜிபி. யு.எஸ்.பி. 3 போர்ட்டில் நொடிக்கு 100 எம்பி போனால் 20 நிமிடம். பழைய யு.எஸ்.பி. 2 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 30 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு மேல். வேகமான போர்ட்டின் உட்புறம் பல கம்ப்யூட்டர்களில் நீலமாக இருக்கும். மறுபடி எடுக்க முடியாத ஒரு கல்யாணத்துக்கு எதிரே இந்த ஒரு மணி நேரம் ஒன்றும் அதிகமில்லை.

அடுத்த ஆட்சேபம்: “எல்லாம் கிளவுடில் இருக்கிறதே.” இதை முழுதாக நம்பக் கூடாது. கூகுள் போட்டோஸும் ஐகிளவுடும் அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள்; ஒரு பக்கம் அழித்தால் மறு பக்கமும் அழியும். குப்பைத்தொட்டியில் கூகுள் 60 நாளும் ஐகிளவுட் 30 நாளும் வைத்திருக்கும், அவ்வளவுதான். கூகுளில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ தேர்வு செய்திருந்தால், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருங்கியே ஏறியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்துப் பெரிய ஆல்பம் பிரிண்ட் போட நினைப்பது வீண். கிளவுட் கூடுதல் பாதுகாப்பு. கையில் இருக்கும் நகலுக்கு அது மாற்று ஆகாது.

“ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்” என்று சிஸ்டம் சர்வீஸ் செய்பவர் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். படங்கள் டி டிரைவில் இருப்பதால் சி-யை அழித்தாலும் பரவாயில்லை என்றுதான் அவரும் நினைப்பார். ஆனால் லைட்ரூம் கேட்டலாக்கின் இயல்பான இருப்பிடம் சி டிரைவின் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டர். பிக்காசாவின் டேட்டாபேஸும் சி-யில் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது. படம் தப்பி, உழைப்பு முழுவதும் போவது இப்படித்தான்.

லைட்ரூம் கிளாசிக்

நகலின் ஃபோல்டரைத் திறந்தால் கேட்டலாக்கின் பெயரிலேயே சில துணை ஃபைல்கள் தெரியும். இவற்றில் இரண்டைப் பிரித்தறிவதுதான் இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான வேலை. ‘லாக்’ என்று முடிவது வெறும் பூட்டு. லைட்ரூம் ஓடும்போது, இன்னொரு லைட்ரூம் அதே கேட்டலாக்கைத் திறக்காமல் இருக்க அது உருவாகிறது. கரண்ட் போய் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் அது அழியாமல் தங்கிவிடும். ‘டபிள்யூ.ஏ.எல்.’ என்று முடிவது வேறு ஜாதி. கேட்டலாக்கில் இன்னும் சேராத கடைசி மாற்றங்கள் அதில்தான் இருக்கின்றன. அடுத்த முறை ஒழுங்காகத் திறக்கும்போது எஸ்க்யூலைட் அதைப் படித்து, விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளும். எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே ‘டேட்டாபேஸைக் கெடுப்பது எப்படி’ என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்தத் துணை ஃபைலை அழிப்பதும், அதை டேட்டாபேஸிலிருந்து பிரித்துக் காப்பி செய்வதும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. “தேவையில்லாத டெம்ப் ஃபைல்” என்று பலர் முதலில் அழிப்பது இதைத்தான்.

1. லைட்ரூம் ஓடவில்லை என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, ‘லாக்’ ஃபைலை மட்டும் நீக்குங்கள். நகலின் எல்.ஆர்.சி.ஏ.டி. ஃபைலை இருமுறை தட்டித் திறந்து பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு வரும் தொல்லை பல நேரம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

2. கேட்டலாக் பழுதாகியிருக்கிறது, சரிசெய்யவா என்று லைட்ரூமே கேட்டால், நகலில்தான் இருக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டு சம்மதம் கொடுங்கள். பெரிய கேட்டலாக்குக்கு நேரம் பிடிக்கும். நடுவில் அணைக்காதீர்கள்.

3. அதுவும் பலிக்காவிட்டால் ‘பேக்கப்ஸ்’ ஃபோல்டருக்குப் போங்கள். தேதி, நேரம் போட்ட உள் ஃபோல்டர்கள் இருக்கும். கடைசித் தேதியின் ஜிப் ஃபைலைப் புதிய இடத்தில் விரித்துத் திறங்கள். அதற்கு முந்தையதோடு அளவை ஒப்பிடுங்கள். போன வாரம் 900 எம்பி இருந்தது இந்த வாரம் 40 எம்பி என்றால், பழுதான பிறகு எடுத்த பேக்கப்பாக இருக்கலாம், முந்தையதை எடுங்கள்.

4. திறந்து உடனே மூடிக்கொண்டால், பெரும்பாலும் குற்றவாளி கேட்டலாக் அல்ல. ‘ப்ரிவ்யூஸ்’ ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். லைட்ரூம் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பிறகும் நின்றால், விண்டோஸில் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டே லைட்ரூமைத் திறந்து செட்டிங்குகளை ரீசெட் செய்யுங்கள். மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட்.

5. திறந்தது, ஆனால் ஃபோல்டர்கள் மீது கேள்விக்குறி நிற்கிறதா? டிரைவ் எழுத்து மாறியிருக்கிறது. விண்டோஸ் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்டில்’ பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள். அல்லது கேள்விக்குறி உள்ள ஃபோல்டரை ரைட் க்ளிக் செய்து, காணாமல் போன ஃபோல்டரைத் தேடும் வசதியால் இடத்தைக் காட்டுங்கள். ‘ரிமூவ்’ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். செய்த திருத்தங்களும் சேர்ந்து போகும்.

புதிய பதிப்பில் மாற்றி எழுதப்பட்ட கேட்டலாக்கைப் பழைய பதிப்பு திறக்காது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் புதிய லைட்ரூம், வீட்டு லேப்டாப்பில் பழையது என்றிருந்தால் எதுவும் கெடவில்லை, பதிப்பைச் சமப்படுத்தினால் போதும். விண்டோஸ் 11-இல் ஒன்டிரைவ், ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, கேட்டலாக்கையும் கிளவுடுக்கு ஏற்ற முயல்வது இன்னொரு காரணம். அதன் இலவச இடம் 5 ஜிபிதான். கேட்டலாக்கை ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு சாதாரண ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

மேக் போட்டோஸ்

தொகுப்பு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தால் முதலில் அந்த டிஸ்க்கின் ஃபார்மேட்டைப் பாருங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடட்டும் என்று நம் ஸ்டுடியோக்கள் விரும்பும் எக்ஸ்ஃபேட், போட்டோஸ் தொகுப்பு வைக்க ஏற்றதல்ல. ஏ.பி.எஃப்.எஸ். அல்லது மேக் ஓ.எஸ். எக்ஸ்டெண்டட் ஃபார்மேட்தான் வேண்டும். டைம் மெஷின் பேக்கப் எடுக்கும் டிஸ்க்கிலும் தொகுப்பை வைக்கக் கூடாது.

1. நகல் எடுத்த பிறகு, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே போட்டோஸைத் திறங்கள். எந்தத் தொகுப்பு என்று கேட்கும். சரியானதைத் தேர்ந்தெடுங்கள். தவறான, காலியான தொகுப்பைத் திறந்துவிட்டு “படம் இல்லை” என்று பதறுபவர்கள் உண்டு.

2. திறக்காவிட்டால் மூடிவிட்டு ஆப்ஷன், கமாண்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு திறங்கள். ‘ரிப்பேர்’ கேட்கும். பெரிய தொகுப்புக்கு மணிக்கணக்கில் ஆகலாம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

3. அதற்கும் மசியாவிட்டால், நகலின் மீது ரைட் க்ளிக் செய்து ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ கொடுத்து ‘ஒரிஜினல்ஸ்’ ஃபோல்டரை வெளியே காப்பி செய்யுங்கள். ஃபைல் பெயர்கள் எண்ணும் எழுத்துமாக விளங்காமல் இருக்கும், படம் சரியாகவே இருக்கும். உள்ளே எதையும் நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது, காப்பி மட்டும்.

குறிப்பு: ஐகிளவுடில் ‘ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால், முழு அளவுப் படங்கள் மேக்கில் இல்லாமலே இருக்கலாம். அப்போது அவற்றை ஐகிளவுடிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும்.

விண்டோஸ் போட்டோஸ், பிக்காசா

விண்டோஸ் போட்டோஸ் கெட்டால் கவலை குறைவு, ஏனென்றால் அதனிடம் படம் இல்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் போட்டோஸைத் தேர்ந்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில்’ முதலில் ‘ரிப்பேர்’, பலிக்காவிட்டால் ‘ரீசெட்’. ஐபோன் படங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது பழுதே அல்ல. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற ஃபார்மேட்டில் சேமிக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து அதற்கான எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள்.

பிக்காசாவை கூகுள் 2016-இல் கைவிட்டது. இன்னும் அதிலேயே பழைய படங்களை வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒவ்வொரு பட ஃபோல்டரிலும் அது ஒரு மறைந்த ‘ஐ.என்.ஐ.’ ஃபைலையும், திருத்தங்களைச் சேமித்தபோது அசல் படங்களை ஒரு மறைந்த துணை ஃபோல்டரிலும் வைத்திருக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும்.

டிஸ்க்கே சாகும்போது

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத நிலை ஒன்று உண்டு. டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால், ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனால், நகல் பாதியில் பிழை காட்டினால், சிக்கல் கேட்டலாக்கில் இல்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்பாதீர்கள். இங்கே பலர் செய்வது செக்டிஸ்க் ஓட்டுவது. நல்ல டிஸ்க்கில் அது மருந்து. சாகும் டிஸ்க்கில், முழு டிஸ்க்கையும் படிக்க வைத்து மேலும் தேய்க்கும், கிழிந்த ஃபைல்களைத் துண்டு துண்டாக்கிவிடும். முதலில் மிக முக்கியமான படங்கள், பிறகு கேட்டலாக், பிறகு மற்றவை என்று எடுக்க முடிந்ததை எடுங்கள். டிக் டிக் சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம்: இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தூசி புகாத அறை வசதியுள்ள மீட்பு நிறுவனத்தை நாடுங்கள். கடையில் திருப்புளியால் டிஸ்க்கைத் திறந்து காட்டச் சம்மதிக்கவே கூடாது.

தவறுதலாக அழித்த படங்களுக்கு ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருள்கள் உதவும், ஆனால் ஃபைல் பெயர்கள் திரும்பி வராது. அதை அழிந்த டிரைவிலேயே இன்ஸ்டால் செய்வதும், மீட்டதை அங்கேயே சேமிப்பதும் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவதாகும். எஸ்.எஸ்.டி.யில் அழித்தவை பெரும்பாலும் மீளாது.

எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னும் விளங்காத புதிய வால் முளைத்து, பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடந்தால் அது ரான்சம்வேர். நெட்டைப் பிடுங்குங்கள், பேக்கப் டிஸ்க்கைச் செருகாதீர்கள். பணம் கட்டாதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண். திருட்டு ஆல்பம் மென்பொருள் வழியாக இது நுழைவது சகஜம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திறந்த பிறகு

நகல் திறந்து, படங்களும் திருத்தங்களும் சரியாக இருப்பதைப் பல ஃபோல்டர்களில் பார்த்த பிறகே அதை நடப்புத் தொகுப்பாக ஆக்குங்கள். ‘தொடாதே’ என்ற அசலை, அந்த ஆல்பம் டெலிவரி ஆகும்வரை அழிக்காதீர்கள். லைட்ரூமில் திருத்த விவரங்களைப் படத்தோடு எக்ஸ்.எம்.பி.யாகவும் எழுதும் வசதியை இயக்குங்கள். கேட்டலாக் போனாலும் பெரும்பாலான திருத்தங்கள் தப்பும். பேக்கப் கேட்கும் பெட்டியில் ‘வாரம் ஒருமுறை’ என்றிருப்பதை, முகூர்த்த மாதங்களில் ‘ஒவ்வொரு முறை மூடும்போதும்’ என்று மாற்றி, இடத்தை வேறு டிஸ்க்குக்குத் திருப்புங்கள். கேட்டலாக் இருக்கும் டிஸ்க்கிலேயே பேக்கப் இருந்தால், டிஸ்க் போகும்போது இரண்டும் போகும்.

மின்சாரமும் இதில் சேர்த்தி. சமவெளியில் சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழையும் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளும் கேட்டலாக்கைக் கெடுக்கும் வாய்ப்புள்ளவை. பராமரிப்பு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலை பெரிய எக்ஸ்போர்ட் எதையும் ஓட விடாதீர்கள். ஒரு சிறிய யு.பி.எஸ். போதும், வேலையைத் தொடர அல்ல, லைட்ரூமை முறையாக மூடும் அளவுக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை ‘எஜெக்ட்’ கொடுக்காமல் உருவும் பழக்கத்துக்கு மட்டும் யு.பி.எஸ். கூட உதவாது.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஸ்டுடியோவில் வேலையும் குறைவு. அந்த மாதத்தில் ஒரு பகலை ஒதுக்கி, உங்கள் பேக்கப் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, அதிலுள்ள கேட்டலாக்கின் நகலைத் திறந்து, சென்ற தை மாதக் கல்யாணம் ஒன்றின் பத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். திறக்காவிட்டால், ஆவணி முகூர்த்தம் பிறப்பதற்குள் சரிசெய்ய நேரம் இருக்கும்.